பழைய ஜப்பான் கார், துரு, டிரிஃப்ட்: திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளும் என்னோட பதில்களும்

நான் வேலைக்காக ஜப்பான் வந்தவன், இருக்கிறது கனகாவா பக்கம். ஒரு 1985 டொயோட்டா கொரோலா லெவினை (ஏஈ86, சுருக்கமா 86-ன்னு சொல்ற மாடல்) வாடகை ஷெட்ல வச்சு நாலு வருஷமா சரி பண்ணி இப்போ ஓட்டிட்டிருக்கேன். ஆபீஸ்ல இருக்கிற நம்ம பசங்க, புதுசா ஜப்பான் வந்தவங்க, ஊர்ல இருந்து போன் பண்ற தம்பிங்கன்னு எல்லாரும் ஒரே சந்தேகங்களைத்தான் கேக்குறாங்க, அதனால அவங்க கேட்ட மாதிரியே கேள்வியை போட்டு பதில் எழுதியிருக்கேன். டிங்கரிங் வேலை எனக்கு சொல்லிக்குடுத்தது பக்கத்து பட்டறையில இருந்த ஒரு பெரியவர், கீழ அவர் அடிக்கடி வருவார்.

"பழைய கார்னா எவ்வளவு பழசு ப்ரோ? 2005 மாடலும் இப்போ பழசுதானே?"

இங்க பழைய காருக்கு 'கியூஷா'ன்னு பேரு. பெரியவங்க அந்த வார்த்தையை சொன்னா மனசுல இருக்கிறது 60, 70-கள்ல வந்த கார். 1969-ல வந்த நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், அதே வருஷம் வந்த ஃபேர்லேடி இசட், மாஸ்டாவோட ரோட்டரி இஞ்சின் கூப்பேங்க இதெல்லாம். அந்த ஸ்கைலைனை 'ஹாகோசுகா'ன்னு சொல்லுவாங்க, ஹாகோன்னா பெட்டி, பெட்டி மாதிரி ஸ்கைலைன். 80, 90-கள்ல வந்ததை 'நியோ கிளாசிக்'னு தனியா பிரிக்கிறாங்க, டிரிஃப்ட் (காரை வேணும்னே பக்கவாட்டுல வழுக்க விட்டு ஓட்டறது) உலகத்துல பேர் வாங்குன கார் முக்கால்வாசி இந்த இரண்டாவது கூட்டம்தான்.

நம்பர் பிளேட்டை பாத்தாலும் ஒரு கதை தெரியும். ஊர் பேருக்கு பக்கத்துல இருக்கிற வகை எண் 90-கள் கடைசில மூணு இலக்கமா மாறிச்சு, அதனால இன்னும் இரண்டு இலக்க எண்ணோட ஓடுற கார் அதுக்கு முன்னாடியே பதிவாகி அதே ஏரியாவுலயே இருந்திருக்குன்னு அர்த்தம். அந்த மாதிரி பிளேட் இருக்கிற காரை பாத்தா பார்க்கிங்ல நின்னு ஒரு நிமிஷம் பாத்துட்டுத்தான் போவேன்.

"ஏஈ86-ல அப்படி என்னதான் இருக்கு? 130 குதிரை சக்தின்னு போட்டிருக்கு, என் ஆபீஸ் வேனே அதைவிட ஓடும்"

நேர் ரோட்ல ஓடும், உண்மை. 1983-ல இருந்து 1987 வரைக்கும் வந்த கார், 4ஏ-ஜிஇன்னு 1587 சிசி ட்வின் கேம் 16 வால்வு இஞ்சின், கம்பெனி சொன்ன பவர் 130. ஆனா எடை ஒரு டன்னுக்கும் கம்மி, பின் சக்கரம் இழுக்குது, முன்னாடி ஸ்ட்ரட் சஸ்பென்ஷன், பின்னாடி ஒரே கட்டையா போற ஆக்ஸில். அந்த நேரத்துல மத்த கொரோலா பெரும்பாலும் முன் சக்கரத்துக்கு மாறிடுச்சு, இந்த ஸ்போர்ட்ஸ் மாடல் மட்டும் பழைய அடித்தளத்துலயே நின்னுச்சு. அடுத்த தலைமுறையில இதுவும் முன் சக்கரத்துக்கு போயிடுச்சு.

பவர் கம்மியா இருக்கிறதுதான் இதோட குணமே. மூலையில வேகத்தை விட்டுட்டா திரும்ப புடிக்க இஞ்சின்ல தெம்பு கிடையாது, அதனால எவ்வளவு வேகத்தோட உள்ள நுழையிறோம், எடை எப்போ முன்னாடி போகுது எப்போ பின்னாடி போகுதுன்னு உடம்பால புரிஞ்சுக்கிட்டே ஆகணும். கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர் எதுவும் நடுவுல இல்ல, நீங்க செஞ்ச தப்பை அடுத்த விநாடியே சீட் வழியா சொல்லிடும். ஜப்பான்ல இதை 'ஹாச்சிரோகு'ன்னு கூப்பிடுவாங்க, எட்டு-ஆறுன்னு அர்த்தம், ஆகஸ்ட் 6 வந்தா எட்டாம் மாசம் ஆறாம் தேதின்னு சொந்தக்காரங்க கொண்டாடுவாங்க.

"லெவின், ட்ரூனோ, 85, 86... தலை சுத்துது அண்ணா"

முன் லைட் மேல எழும்பி வந்தா அது ஸ்ப்ரின்டர் ட்ரூனோ, எழும்பாம நிலையா இருந்தா கொரோலா லெவின். இரண்டுலயும் 2 டோர், 3 டோர்னு இரண்டு உடம்பு உண்டு. 86-ன்னா ட்வின் கேம் 1.6 லிட்டர், 85-ன்னா அதே உடம்புல சாதாரண 1.5 லிட்டர். 85-ஐ வாங்கி 86 மாதிரி மாத்தி ஓட்டுறவங்க நிறைய பேர், அதுல தப்பில்ல. ஆனா விக்கிறவர் 86-ன்னு சொன்னா இஞ்சின் ரூம்ல இருக்கிற தகட்டையும் சேஸி நம்பரையும் பேப்பரோட ஒத்துப்பாத்துட்டு அப்புறம் காசைப் பத்தி பேசுங்க.

"ஒரு காலத்துல அடிமாட்டு விலைக்கு கிடைச்சுதாம், இப்போ ஏன் இப்படி ஏறிடுச்சு?"

சாதாரணமா ஓடற நிலையில இருக்கிற 86-க்கே இப்போ 30 லட்சம் யென்னுக்கு மேல கேக்குறாங்க. காரணம் பல இருக்கு. 1995-ல ஆரம்பிச்ச ஒரு மாங்கா (ஜப்பான் காமிக்ஸ்) தொடர், தோஃபு (சோயா பனீர்) கொண்டுபோற ட்ரூனோவை உலகம் பூரா பிரபலமாக்குச்சு. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பசங்க கைல கிடைச்ச 86-ஐ எல்லாம் டிரிஃப்ட் பண்ணி செவுத்துல சாத்தி காயலான் கடைக்கு அனுப்பிட்டாங்க, அதனால மிச்சம் இருக்கிற எண்ணிக்கையே குறைஞ்சுபோச்சு.

இன்னொண்ணு அமெரிக்கா. அங்க தயாரிச்சு 25 வருஷம் ஆன கார் அவங்க பாதுகாப்பு விதியில இருந்து விலக்கு வாங்கிடும், யார் வேணும்னாலும் இறக்கலாம். 1989 ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கு 2014-ல அந்த வயசு வந்துச்சு, அதுல இருந்து ஏலத்துல வெளிநாட்டு கை ஓங்கிடுச்சு. உள்ளூர் பையனுக்கு எட்டாத விலைக்கு போனதுல எனக்கு நிஜமாவே வருத்தம் உண்டு, ஆனா அந்த விலையாலதான் காயலான் கடைக்கு போகவேண்டிய உடம்பெல்லாம் இப்போ வெல்டிங் பட்டறைக்கு போகுது, அதையும் சொல்லணும்.

"கார் பாக்க போறேன், முதல்ல இஞ்சினைத்தானே பாக்கணும்?"

இல்ல. குனிஞ்சு கீழ பாருங்க. சுவர் இருந்தாத்தான் சித்திரம்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க இல்லையா, பழைய கார்ல சுவர்னா அந்த தகர உடம்புதான். இஞ்சின் வேற கிடைக்கும், கியர்பாக்ஸ் வேற கிடைக்கும், சீட் வேற கிடைக்கும், உடம்பு மட்டும் உங்ககிட்ட இருக்கிறது ஒண்ணுதான்.

நான் முதல்ல வாங்குனது இந்த லெவின் இல்ல, பனி ஊர்ல இருந்து வந்த ஒரு 3 டோர் ட்ரூனோ. வெள்ளை-கறுப்பு பெயிண்ட், இஞ்சின் அவ்வளவு அழகா சத்தம் போட்டுச்சு, அடியில பாத்தா புத்தம்புது கறுப்பு பெயிண்ட் பளபளன்னு இருந்துச்சு, நல்லா பராமரிச்சிருக்காங்கன்னு நம்பி வாங்கிட்டேன். ஆறு மாசம் கழிச்சு டயர் மாத்த ஜாக் போட்டேன், கார் எழும்பல, ஜாக்கி உள்ள போயிடுச்சு. அந்த கறுப்புக்கு அடியில பட்டி, பட்டிக்கு அடியில துரு, துருவுக்கு அடியில ஒண்ணுமே இல்ல. குளிர்காலத்துல பனி உருகறதுக்கு ரோட்ல உப்பு மாதிரி மருந்து போடுவாங்க, அது உள்ள புகுந்து வருஷக்கணக்கா தின்னுருக்கு. அந்த காரை பார்ட்ஸுக்குத்தான் பிரிக்க முடிஞ்சுது.

அதனால காந்தம் ஒண்ணு எடுத்துட்டு போங்க, மெல்லிசா துணி சுத்தி கதவுக்கு கீழ இருக்கிற சைடு சில் முழுக்க தடவுங்க, ஒட்டாத இடம் பட்டி. பின் சக்கர வளைவோட உதடு, பின் கதவு திறந்தா ரப்பருக்கு அடியில இருக்கிற மூலை, ஸ்டெப்னி குழி, பேட்டரி தட்டு, முன் ஸ்ட்ரட் கோபுரத்தோட அடி, கார்பெட்டை தூக்கி கால் வைக்கிற தரை, இதெல்லாம் விரலால தொட்டுப் பாருங்க. அடியில புதுசா அடிச்ச கறுப்பு இருந்தா சந்தோஷப்படாதீங்க, ஏன் இப்போ அடிச்சாங்கன்னு கேளுங்க.

"ஏலத்து ஷீட்ல ஏ1, டபிள்யூ2, எக்ஸ்எக்ஸ்னு என்னென்னமோ எழுதியிருக்கு"

ஏலத்துக்கு வர்ற காரை சோதிச்சு அங்க இருக்கிறவங்க எழுதுற குறிப்பு அது. ஏ-ன்னா கீறல், யூ-ன்னா நசுங்கல், டபிள்யூ-ன்னா முன்னாடி சரி பண்ண அலை தெரியுது, எக்ஸ்எக்ஸ்-னா அந்த பகுதி மாத்தியாச்சு. பக்கத்துல இருக்கிற எண் கூடக்கூட மோசம். பழைய காருக்கு நீங்க முக்கியமா பாக்கவேண்டியது எஸ், சி இரண்டும், எஸ்-னா துரு, சி-ன்னா அரிச்சுப்போனது. மேல மொத்த கிரேடு இருக்கிற இடத்துல ஆர் இருந்தா உடம்போட ஃபிரேம்ல அடிபட்டு சரி பண்ண கார். 40 வயசு டிரிஃப்ட் கார்ல ஆர் இருக்கிறது சகஜம், அதை மட்டும் வச்சு ஒதுக்காதீங்க, ஆனா நேர்ல பாக்காம ஷீட்டை மட்டும் நம்பி வாங்காதீங்க. போன கேள்வியில சொன்ன ஜாக்கி கதை ஷீட்ல எழுதியிருக்காது.

"துருவை எப்படி எடுக்கறது? மேல மருந்து தடவுனா நின்னுடும்னு சொல்றாங்களே"

மேலோட்டமா பழுப்பா இருக்கிற துருவுக்கு மருந்து சரி. ஓட்டை விழுந்த தகரத்துக்கு மருந்து கிடையாது, வெட்டி எடுத்துட்டு புது தகரம் வச்சு வெல்டு பண்ணணும். வெட்டுறது எவ்வளவு தூரம்னா, நல்ல வெள்ளை இரும்பு தெரியிற வரைக்கும். பாதியில நிறுத்துனா இரண்டே மழைக்காலத்துல திரும்ப வரும்.

பெரியவர் என்னை முதல் மூணு வாரம் வெல்டிங் டார்ச்சையே தொட விடல. கதவுக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை சுத்தி அளந்து சுவத்துல எழுத வச்சார், உள்ள குறுக்கால இரும்பு கம்பி வச்சு தாங்கு கொடுக்க வச்சார். சில்லை வெட்டி எடுத்துட்டா உடம்பு நடுவுல தொய்யும், தொய்ஞ்ச நிலையிலயே புதுசை வெல்டு பண்ணிட்டா கதவு ஜென்மத்துக்கும் ஒழுங்கா மூடாது, அதனால ஒரு பக்கம் முடிச்சுட்டுத்தான் அடுத்த பக்கம், அதுவும் கதவை மாட்டி மாட்டி பாத்துக்கிட்டே. உடம்பு தகரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, ஒரே கோடா வெல்டு இழுத்தா சூட்டுல அப்பளம் மாதிரி நெளியும். இங்க ஒரு புள்ளி, அரை அடி தள்ளி ஒரு புள்ளி, ஆறுனதும் திரும்பி வந்து நடுவுல ஒரு புள்ளி, இப்படித்தான் போகணும். ஒரு சில்லுக்கு எனக்கு எட்டு வார ஞாயித்துக்கிழமை ஆச்சு.

வெல்டு முடிஞ்சதும் வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. இரண்டு தகரம் ஒண்ணு மேல ஒண்ணு வர்ற இடத்துல வெல்டு பண்றதுக்கு முன்னாடியே துத்தநாக பிரைமர், அப்புறம் சேர்ற கோடு எல்லாத்துக்கும் சீலர், கடைசியா பெட்டி மாதிரி மூடியிருக்கிற இடத்துக்குள்ள நீள குழாய் விட்டு மெழுகு தெளிக்கணும். தண்ணி வெளியே போக கம்பெனி விட்ட ஓட்டையை சீலர் போட்டு அடைச்சிடாதீங்க, நிறைய பேர் அங்கதான் தப்பு பண்றாங்க.

"பத்து வருஷமா ஷெட்ல நின்ன கார், பேட்டரி புதுசு போட்டு சாவி திருப்பலாமா?"

தயவுசெஞ்சு வேண்டாம். பழைய பெட்ரோல் டேங்க்ல பிசினாகி இருக்கும், டேங்க் உள்பக்கம் துரு புடிச்சிருந்தா அது பம்ப் வழியா இன்ஜெக்டருக்கு போகும். முதல்ல டேங்கை இறக்கி சுத்தம் பண்ணுங்க, ரப்பர் குழாய் எல்லாம் மாத்துங்க, எரிபொருள் குழாய் வெடிச்சு தீ புடிச்சா நாலு வருஷ உழைப்பு நாலு நிமிஷத்துல போயிடும்.

அப்புறம் பிளக்கை கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் விடுங்க, முன்னாடி கிராங்க் புல்லியை கையால ஸ்பேனர் போட்டு மெதுவா சுத்திப்பாருங்க. சுத்துச்சுன்னா நல்ல சகுனம். பிரேக் காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், டைமிங் பெல்ட், இதெல்லாம் எப்படி இருந்தாலும் மாத்திட்டுத்தான் ரோட்டுக்கு.

"பார்ட்ஸ் கிடைக்குமா? கம்பெனி இன்னும் பண்ணுதா?"

கொஞ்சம் கொஞ்சமா திரும்ப பண்றாங்க. டொயோட்டா ஜிஆர் ஹெரிடேஜ் பார்ட்ஸ்னு ஒரு திட்டத்துல சுப்ரா, 2000ஜிடி மாதிரி கார்களுக்கு நின்னுபோன பார்ட்ஸை மறுபடி தயாரிச்சு, 86-க்கும் ஸ்டியரிங் நக்கிள் ஆர்ம், பின் பிரேக் காலிப்பர்னு கொண்டுவந்தாங்க. நிஸ்ஸான் பக்கம் 2017-ல இருந்து ஆர்32 ஜிடி-ஆருக்கு (மேல சொன்ன 1989 ஸ்கைலைன்) நிஸ்மோ ஹெரிடேஜ்னு அதே மாதிரி திட்டம் இருக்கு. மாஸ்டா முதல் தலைமுறை ரோட்ஸ்டரை சொந்தக்காரர்கிட்ட இருந்து கம்பெனியே எடுத்து முழுசா ரீஸ்டோர் பண்ணி தர்ற சேவையே ஆரம்பிச்சுது, ஹோண்டா என்எஸ்எக்ஸுக்கு 1993-லயே ரீஃப்ரெஷ்னு புதுப்பிக்கிற திட்டம் ஆரம்பிச்சுது.

ஆனா இஞ்சின் பார்ட்ஸைவிட தொல்லை குடுக்கிறது உள் அலங்காரம். டாஷ்போர்டு வெயில்ல வெடிக்கும், கதவு ரப்பர் காஞ்சுபோகும், ஒயரிங் கனெக்டர் தொட்டாலே பொடியும். அதனால கழட்டுன ஒரு கிளிப்பைக்கூட தூக்கிப்போடாதீங்க, பையில போட்டு எங்க இருந்ததுன்னு எழுதி போட்டோ எடுத்து வைங்க. நான் பிரிச்ச முதல் ட்ரூனோவோட கிளிப்பும் பிராக்கெட்டும்தான் இந்த லெவினை பாதி காப்பாத்துச்சு.

"இஞ்சினை நானே பிரிச்சு ஓவர்ஹால் பண்ணலாமா, யூடியூப் பாத்து?"

பிரிக்கலாம், சுத்தம் பண்ணலாம், சேக்கலாம். நடுவுல இருக்கிற அளவு வேலையை மட்டும் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. சிலிண்டர் தேய்மானம், கிராங்க் ஜர்னல், பிஸ்டன் இடைவெளி இதெல்லாம் மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு கணக்கு, கண்ணால தெரியாது. ரீபோர், ஹெட் தளம் சமன்படுத்தறது, வால்வு சீட் வெட்டுறது இதெல்லாம் மெஷின் பட்டறை வேலை. பிரிக்கறதுக்கு முன்னாடியே கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்க, நாலு சிலிண்டரும் கிட்டக்கிட்ட இருந்தா அவசரப்பட்டு பிரிக்கவே வேண்டாம், ஆயில் சீலும் வாட்டர் பம்பும் பெல்ட்டும் மாத்தி ஓட்டுங்க.

"அதான் பழைய இஞ்சினாச்சே, வேற பெரிய இஞ்சின் தூக்கி வச்சிட்டா?"

நிறைய பேர் பண்றாங்க. அதே குடும்பத்துல 1991-ல வந்த 20 வால்வு 4ஏ-ஜிஇ-க்கு 160 குதிரை, 1995-ல வந்த கறுப்பு மூடி இஞ்சினுக்கு 165. ஆனா அது முன் சக்கர காருக்கு குறுக்கா படுக்கவச்ச இஞ்சின், 86-ல நேரா வைக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டர் இஞ்சின் ரூமோட பின் சுவத்துல இடிக்கும், தண்ணி குழாய் போற வழி மாத்தணும், ஒயரிங் தனி. நிஸ்ஸான் சில்வியாவோட எஸ்ஆர்20 டர்போ இஞ்சின் வைக்கிறவங்களும் உண்டு, அப்போ கியர்பாக்ஸ், ஆக்ஸில், பிரேக் எல்லாமே சேந்து மாத்தணும்.

என் கருத்து இதுதான், போல்ட் போட்டு மாத்தி போல்ட் கழட்டி திருப்பி கொண்டுவரக்கூடிய மாற்றம் எதுவா இருந்தாலும் செய்யுங்க. தகரத்தை வெட்டி செய்யிற மாற்றத்தை துரு இல்லாத நேர் உடம்புல செய்யாதீங்க. ஏற்கனவே வெட்டுப்பட்ட, அடிபட்ட உடம்பு சந்தையில நிறைய இருக்கு, அந்த ஆசைக்கு அது போதும்.

"ஷாக்கென்ல பாஸ் ஆகுமா? வருஷ செலவு எவ்வளவு வரும்?"

ஷாக்கென்னா இங்க கட்டாய வாகன சோதனை, இரண்டு வருஷத்துக்கு ஒருக்கா. ஒழுங்கா சரி பண்ண பழைய கார் தாராளமா பாஸ் ஆகும். தரையில இருந்து 9 சென்டிமீட்டர் உயரம் இருக்கணும், சைலன்சர் சத்தம் அளப்பாங்க, சைடு சில் ஓட்டையா இருந்தா அங்கேயே ஃபெயில். புகை அளவு காரோட காலத்துக்கு ஏத்த மாதிரி, 86 காலத்து காருக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதத்துக்குள்ள இருந்தா போதும். கடைக்காரர் வழியா போகாம நீங்களே ஓட்டிட்டு போய் வரிசையில நிக்கலாம், ஒரு தடவை போய்ப்பாருங்க, அங்க இருக்கிற அதிகாரிங்க பொறுமையா சொல்லிக்குடுப்பாங்க.

வரி பழைய காருக்கு கூடுதல். 1.5-ல இருந்து 2 லிட்டர் வரைக்கும் பழைய பதிவுக்கு வருஷம் 39,500 யென், பெட்ரோல் கார் 13 வயசு தாண்டுனா கிட்டத்தட்ட 15 சதவீதம் ஏறி 45,400 ஆகும். எடை வரியும் 13 வருஷத்துல ஒரு தடவை, 18 வருஷத்துல ஒரு தடவை ஏறும். இருக்கிற ஒரு பொருளை பாத்துப்பாத்து வச்சிருக்கிறவன்கிட்ட கூட வாங்குறது எனக்கு நியாயமா படல.

"டிரிஃப்ட்னா சும்மா வழுக்கறதுதானே? அதுல என்ன திறமை?"

வழுக்கறது எல்லாருக்கும் வரும், மழையில அதிக வேகத்துல திரும்புனா தானா வரும். வழுக்கற காரை நீங்க நினைச்ச கோட்டுல, நினைச்ச கோணத்துல, அடுத்த மூலை வரைக்கும் கொண்டுபோறதுதான் டிரிஃப்ட். பின் டயர் பிடி விட்டு பக்கவாட்டுல போகும், முன் டயர் கார் போற திசையை பாத்து எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும், கோணத்தை கூட்டவும் குறைக்கவும் ஆக்ஸிலரேட்டர்.

ஆரம்பிக்கிற வழி பல இருக்கு. கை பிரேக் இழுக்கறது, கிளட்சை ஒரு உதை உதைச்சு பின் சக்கரத்துக்கு திடீர்னு அதிர்ச்சி குடுக்கறது, பிரேக்கால எடையை முன்னாடி தள்ளி பின்பக்கத்தை லேசாக்கறது, மூலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஆட்டு ஆட்டி ஊஞ்சல் மாதிரி திரும்ப வீசறது. 86 மாதிரி பவர் கம்மி கார்ல வெறும் ஆக்ஸிலரேட்டரால பின்பக்கம் போகாது, அதனாலதான் இரண்டாவது கேள்வியில எடையைப் பத்தி அவ்வளவு சொன்னேன்.

"இதை யாரு கண்டுபிடிச்சது? அந்த மாங்காவா?"

மாங்கா வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. 70-கள்ல குனிமிட்சு தகஹாஷின்னு ஒரு ரேஸர், ஹாகோசுகா ஜிடி-ஆர் ஓட்டுனவர், அதுக்கு முன்னாடி 1961-ல மோட்டார்சைக்கிள் கிராண்ட் பிரீ ஜெயிச்ச முதல் ஜப்பானியர். அந்தக்கால டயர்ல மூலையில வேகத்தை விடாம இருக்க காரை பக்கவாட்டுல தூக்கிப்போட்டு ஓட்டுவார். அதை பாத்து வளந்தவர் கெய்ச்சி சுச்சியா, மலைப்பாதையில பழகி, 86-ல ரேஸ் ஓட்டி 'டிரிஃப்ட் கிங்'னு பேர் வாங்குனவர். அவர் வெறும் வித்தைக்காரர் இல்ல, 1999 லெமான் 24 மணி ரேஸ்ல டொயோட்டாவுக்கு இரண்டாம் இடம் வாங்குன மூணு பேர்ல ஒருத்தர். அவரும் ஆப்ஷன்ங்கற கார் பத்திரிகையோட டைஜிரோ இனாடாவும் சேந்துதான் டி1 கிராண்ட் பிரீங்கற டிரிஃப்ட் போட்டியை உருவாக்குனாங்க, 2001-ல இருந்து தொடரா நடக்குது.

"ராத்திரி மலை ரோட்ல பண்றாங்களாமே, கூட்டிட்டுப் போறீங்களா?"

மாட்டேன். கேட்ட எல்லாருக்கும் இதே பதில்தான். டோகேன்னு சொல்ற மலைப்பாதையில இருந்துதான் இது பிறந்துச்சு, அந்த வரலாறை மறைக்க முடியாது. ஆனா அந்த ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமம் இருக்கு, விடியக்காலையில காய்கறி ஏத்திட்டு வர்ற பாட்டி இருக்காங்க. 2004-ல சட்டம் இறுகுனதுல இருந்து கூட்டமா ஆபத்தா ஓட்டுனாலே வழக்கு, விசாவுல இருக்கிற நமக்கு அது வேலையையும் சேத்து கொண்டுபோகும். பல மூலைகள்ல இப்போ ரோட்டு நடுவுல மேடு போட்டு வச்சிருக்காங்க.

பகல்ல அதே மலைக்கு மெதுவா போங்க. அகாகி, ஹருணா, உசுய் இதெல்லாம் இலையுதிர் காலத்துல அவ்வளவு அழகு, ஜன்னலை இறக்கிவிட்டு மூணாவது கியர்ல 4ஏ-ஜிஇ சத்தத்தை கேட்டுக்கிட்டு போறது எனக்கு போதும்னு இருக்கும்.

"அப்போ முதல் தடவை எங்க போய் கத்துக்கறது?"

சர்க்யூட். 'சோகோகாய்'னு ஓட்டுற நாள் நடத்துவாங்க, அதுல ஆரம்பநிலைக்குன்னு தனி பிரிவு இருக்கும். ஃபுகுஷிமா மாவட்டம் நிஹொன்மாட்சு ஊர்ல மலை மேல எபிசு சர்க்யூட் இருக்கு, பக்கத்துலயே சஃபாரி பார்க், ஒரே வளாகத்துல சின்னதும் பெரிசுமா பல கோர்ஸ், டிரிஃப்டுக்கு உலகம் பூரா இருந்து வர்ற இடம். 2021 பிப்ரவரி 13 நிலநடுக்கத்துல அங்க ஒரு கோர்ஸ் மேல மலையே சரிஞ்சு விழுந்துச்சு, அந்த போட்டோவை பாத்து எங்க ஷெட்ல யாரும் அன்னிக்கு பேசல. டோக்கியோ பக்கம் இருக்கிறவங்களுக்கு தொச்சிகியில நிக்கோ, சிபாவுல மொபாரா, ஒசாகா பக்கம்னா நாராவுல மெய்ஹான்.

முதல் நாள் உங்களை ஒரு கூம்பை சுத்தி வட்டம் போட வைப்பாங்க, தண்ணி தெளிச்ச தரையில. வட்டம் கைக்கு வந்ததும் எட்டு வடிவம். நான் வட்டத்துக்கே ஒரு முழு நாள் எடுத்துக்கிட்டேன், சாயங்காலம் கடைசி பத்து நிமிஷத்துல மூணு சுத்து விடாம வந்துச்சு, அந்த உணர்வு இன்னும் கைல இருக்கு. ஹெல்மெட், கையுறை, முழுக்கை சட்டை, இழுக்கற கொக்கி, கூட இரண்டு ஜோடி பின் டயர், இதெல்லாம் எடுத்துட்டு போங்க. சாதாரண இன்சூரன்ஸ் சர்க்யூட்ல அடிபட்டா தராது, அதை தெரிஞ்சுக்கிட்டு போங்க.

"கத்துக்கறதுக்கு எந்த கார் நல்லது?"

86 வேண்டாம், விலையை மேல சொன்னேன். எஸ்13 சில்வியா ஒரு காலத்துல பசங்க கார், அதுவும் இப்போ ஏறிடுச்சு. முதல் தலைமுறை ரோட்ஸ்டர், இல்லன்னா நாலு கதவு டொயோட்டா மார்க் 2 மாதிரி பின் சக்கர செடான் பாருங்க, மார்க் 2-ல 1ஜேஇசட் டர்போ இஞ்சின் இருக்கிறது விலை கூட, டர்போ இல்லாததும் வட்டம் போட தாராளம். அடிபட்டாலும் மனசு உடையாத கார் வேணும், அப்போதான் பயமில்லாம தப்பு பண்ணி கத்துக்க முடியும்.

"எல்எஸ்டி கட்டாயமா போடணுமா?"

ஆமா. எல்எஸ்டின்னா லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், டிஃபரன்ஷியல்ங்கறது இஞ்சின் சக்தியை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரிச்சு விடற பார்ட். சாதாரண டிஃபரன்ஷியல் எந்த சக்கரத்துக்கு பிடி இல்லையோ அதுக்கே சக்தியை விடும், திரும்பும்போது உள்பக்க சக்கரம் லேசாகி அது மட்டும் சும்மா சுத்தும், பின்பக்கம் வந்த மாதிரி வந்து நடுவுல நேராயிடும். எல்எஸ்டி இரண்டையும் சேத்து சுத்த வைக்கும். டர்போவுக்கு செலவு பண்ற காசை முதல்ல இதுக்கு போடுங்க.

"டி1 பாக்க போனேன், யார் ஜெயிச்சாங்கன்னே புரியல"

இரண்டு சுற்று இருக்கும். தன்சோன்னா தனியா ஓடறது, வேகம், கோணம், கோணம் ஆடாம நிக்கிறதை கார்ல வச்ச கருவியே அளந்து மார்க் போடும். சுய்சோன்னா இரண்டு கார் சேந்து, முன்னாடி போறவர் தன்னோட கோட்டை சரியா போகணும், பின்னாடி வர்றவர் அதே கோணத்துல எவ்வளவு ஒட்டி வர்றார்ங்கறதுதான் கேள்வி. அப்புறம் இடம் மாறி இன்னொரு தடவை. பின்னாடி வர்ற காரை மட்டும் கவனிங்க, முன் கார் கதவுக்கும் அதோட மூக்குக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை பாத்தா தானா புரியும்.

"ஊருக்கு ஒண்ணு எடுத்துட்டு போயிடலாமா?"

இந்தியாவுக்கு செகண்ட் ஹேண்ட் கார் இறக்கணும்னா 3 வருஷத்துக்கு மேல பழசா இருக்கக்கூடாது, 86-க்கு 40 வயசு, கணக்கு அங்கேயே முடிஞ்சுது. இலங்கையில இருக்கிற சொந்தக்காரங்களுக்கு ஒண்ணு சொல்றேன், உங்க ஊர்ல இன்னும் ஓடிட்டிருக்கிற கேஈ70 கொரோலா 86-க்கு அண்ணன் மாதிரி, பின் சக்கரம், அதே வகை ஆக்ஸில், 86 பார்ட்ஸ் நிறைய அதுல உக்காரும். வீட்டு பின்னாடி ஒண்ணு நின்னா காயலானுக்கு குடுத்துடாதீங்க.

"கடைசியா ஒண்ணு, நாலு வருஷம் கஷ்டப்பட்டு சரி பண்ண காரை டிரிஃப்ட் பண்றது பாவமில்லையா?"

இதை பெரியவரும் என்கிட்ட கேட்டார், அதட்டாம, நிஜமாவே தெரிஞ்சுக்க. நான் சில்லு வெல்டு பண்ண அதே கையால கை பிரேக் இழுக்கறேன், எந்த புள்ளியில எவ்வளவு தகரம் இருக்குன்னு எனக்கு தெரியும். அதனால போட்டிக்கு கொண்டுபோறதில்ல, செவுரு இருக்கிற கோர்ஸுக்கு கொண்டுபோறதில்ல, பக்கத்துல இன்னொரு கார் ஒட்டி ஓட விடறதில்ல. வருஷத்துக்கு இரண்டு தடவை அகலமான, ஈரமான, காலி இடம் கிடைச்சா மட்டும். மத்த நாளெல்லாம் என்கிட்ட இருக்கிற அடிபட்ட ரோட்ஸ்டர்தான்.

கண்ணாடி அறையில பூட்டி வைக்கறதுலயும் எனக்கு சம்மதமில்ல. ஓடாத கார்ல சீல் காயும், பிரேக் ஒட்டும், டேங்க் துருப்புடிக்கும், அது மேல சொன்ன ஷெட் கார்ல பாத்தோம். போன அக்டோபர்ல பெரியவரை பக்கத்து சீட்ல உக்கார வச்சு நனைஞ்ச தரையில ஒரே ஒரு எட்டு போட்டேன். இறங்குனதும் அவர் முதல்ல செஞ்சது குனிஞ்சு இடது சில்லை தட்டிப் பாத்ததுதான். கதவை இரண்டு தடவை திறந்து மூடுனார், இடைவெளி மாறல.